மால்டா: 74-ஆம் நம்பர் பஸ்ஸில் கடல் குகையும் கற்காலக் கோயிலும்

மால்டாவில் சில வருடம் இருந்தவன் நான். தலைநகர் வலேட்டாவிலிருந்து நீலக் குகைக்கும் (புளூ குரோட்டோ), பக்கத்திலுள்ள ஹஜர் ஈம், இம்னாய்ட்ரா கோயில்களுக்கும் பஸ்ஸிலேயே போய்வருவதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இதோ.

அண்ணா, கார் எடுக்காமல் போக முடியுமா?

தாராளமாக. வலேட்டா நகர வாசலுக்கு வெளியே, டிரைட்டன் நீரூற்றை ஒட்டித்தான் பஸ் நிலையம். 74-ஆம் நம்பர் பிடித்தால் குகை, கோயில் இரண்டுக்கும் அதுவே. டிக்கெட் 2.50 யூரோ அளவில். 2 மணி நேரத்துக்குள் வேறு பஸ் மாறினாலும் செல்லும். ஸ்டாப்பில் கை காட்டினால்தான் நிற்பார்கள், நம்மூர் மாதிரிதான். ஒரு ஆகஸ்டில் திரும்பி வரும்போது அடுத்தடுத்து இரண்டு பஸ் நிரம்பி வழிந்து நிற்காமலே போய்விட்டன. கொளுத்தும் வெயிலில் காய்ந்தேன். அதற்குப் பிறகு மாலை விமானம் இருக்கும் நாளில் அந்தப் பக்கமே போவதில்லை.

முதலில் குகையா, கோயிலா?

குகைதான். காலை வெயில் தண்ணீருக்குள் இறங்கி, அடியில் இருக்கும் வெளுத்த மணலில் பட்டுத் திரும்பும். சிவப்பைத் தண்ணீர் விழுங்கிவிடுவதால் நீலம் மட்டும் மேலே வரும். மதியத்துக்கு மேல் அந்த ஜாலம் பாதிகூட இருக்காது. இன்னொன்று, காற்று. குகையைப் படகில் போய்த்தான் பார்க்க வேண்டும்; அலை எழும்பினால் படகை நிறுத்திவிடுவார்கள். காலையிலேயே போனால் கொஞ்சம் பொறுத்தாவது பார்க்கலாம். கோயிலுக்கு என்ன அவசரம், ஐயாயிரம் வருடத்துக்கு மேல் நின்றது இன்னும் மூன்று மணி நேரம் நிற்காதா?

படகு ஓடாவிட்டால் வந்தது வீண்தானா?

இல்லை. மேலே சாலையோரம் ஒரு பார்வை முனை இருக்கிறது. குகையின் பெரிய பாறை வளைவு அங்கிருந்து முழுசாகத் தெரியும், காசும் இல்லை. உண்மையைச் சொன்னால் என்னிடம் இருக்கும் நல்ல படம் எல்லாம் அங்கே எடுத்ததுதான்.

பழைய போஸ்டர்களில் வரும் பெரிய கல் ஜன்னல் இதுதானே?

இல்லை, அது மால்டாவின் இன்னொரு தீவான கோசோவில் இருந்தது. 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலுக்குள் போய்விட்டது.

கோயில் என்று நாலு கல்லைப் பார்க்க டிக்கெட்டா? கூடாரம் வேறு போட்டிருக்கிறார்களே!

கோபுரத்தையும் சிலையையும் தேடிப் போனால் ஏமாற்றம்தான். ஆனால் இவை எகிப்துப் பிரமிடுகளுக்கு முந்தியவை. ஹஜர் ஈம் ஏறக்குறைய கி.மு. 3600-க்குப் பிறகு எழுந்தது; கட்டியவர்களிடம் உலோகக் கருவியே கிடையாது. அங்குள்ள ஒரு கல் மட்டும் சுமார் 20 டன். பாறை மென்மையான சுண்ணாம்புக்கல், மழையும் உப்புக்காற்றும் அரித்துக்கொண்டே இருந்தன. அதனால்தான் 2009-இல் கூடாரம். படத்துக்கு இடைஞ்சல்தான், ஆனால் கல் மிஞ்ச வேண்டுமே.

அங்கேயே திரும்பிவிடாதீர்கள். சரிவில் அரை கிலோமீட்டர் இறங்கினால் இம்னாய்ட்ரா. அதன் தெற்குக் கோயிலில், பகலும் இரவும் சமமாக இருக்கும் நாட்களில் உதிக்கும் சூரியன் வாசல் வழியாக நேரே நடு அச்சில் நுழைகிறது. கோடை, குளிர்கால உச்ச நாட்களில் வாசலுக்கு இரு பக்கமுள்ள கற்களின் ஓரத்தைத் தொடுகிறது. எழுத்தே இல்லாதவர்கள் வாசலையே பஞ்சாங்கமாக வைத்திருக்கிறார்கள்! திரும்பும்போது ஏற்றம், நிழல் இல்லை. தண்ணீரும் தொப்பியும் அவசியம்.

பெயரை எப்படிச் சொல்வது? கண்டக்டரிடம் சொன்னால் புரியுமா?

கண்டக்டரே கிடையாது, டிரைவர்தான் எல்லாம். ஹஜர் ஈம் என்பதில் 'ஈம்' எழுத்தில் 'கிம்' (Qim) மாதிரி இருக்கும். ஆனால் அந்த முதல் எழுத்துக்கு அவர்கள் தொண்டையைச் சட்டென்று அடைத்துத் திறப்பார்கள், அவ்வளவுதான். மால்டா மொழி அரபுக்கு உறவு. ஹஜர் என்றால் கல். மெக்காவில் உள்ள கறுப்புக் கல்லை ஹஜருல் அஸ்வத் என்பார்களே, அதே ஹஜர்.

ஹைப்போஜியத்தையும் அதே நாளில் சேர்க்கலாமா?

அது பாவ்லா ஊரில், தரைக்கடியில் குடைந்த புதைகுழிக் கூடம். மணிக்கு 10 பேரைத்தான் விடுவார்கள். விமான டிக்கெட் போட்ட கையோடு அதையும் பதிவு செய்யுங்கள். கிடைத்தால் அதற்குத் தனி நாள்.

நாங்கள் சைவம். சாப்பாடு?

வலேட்டாவிலேயே பட்டாணி வைத்த பாஸ்டிட்சி (மொறுமொறுப்பான மாவுப் பலகாரம்) வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள். மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு, கேட்டு வாங்குங்கள்.