ஒரே வட்டில் பல படங்கள்: கேள்வி பதில்

கேள்வி: தலா 700 எம்பி அளவில் ஆறு ஏவிஐ படங்கள் வைத்திருக்கிறேன். கூட்டினால் 4.1 ஜிபிதான் வருகிறது. ஆனால் 4.7 ஜிபி டிவிடியில் எழுதப் போனால் இடம் போதாது என்கிறது மென்பொருள். ஏன் சார்?

பதில்: "வீடியோ டிவிடி" என்பதைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அதைத் தொட்டாலே மென்பொருள் உங்கள் கோப்புகளை அப்படியே எழுதாமல், எல்லாவற்றையும் எம்பெக்-2 என்ற சுருக்க முறைக்கு மாற்றி, விஓபி என்கிற டிவிடி கோப்புகளாக்கும். எம்பெக்-2 பழைய முறை. ஏவிஐ படங்களில் வழக்கமான எக்ஸ்விட் என்ற சுருக்க முறை 700 எம்பியில் காட்டுகிற படத்தை அதே தெளிவில் காட்ட அதற்கு இரண்டு மூன்று மடங்கு இடம் தேவை. "டேட்டா டிவிடி" என்று மாற்றிப் பாருங்கள், ஆறும் ஏறிவிடும். மறுபடி சுருக்காததால் தரத்தில் ஒரு துளிகூடக் குறையாது. தரம் குறையாமல் அடக்க இது ஒன்றுதான் வழி. மற்றதெல்லாம் எவ்வளவு குறைத்தால் கண்ணுக்குத் தெரியாது என்கிற பேரம்தான்.

இன்னொன்று, உறையில் போட்டிருக்கும் 4.7 ஜிபி என்பது ஆயிரம் ஆயிரமாக எண்ணிய கணக்கு. விண்டோஸ் 1024 வீதம் எண்ணுவதால் அங்கே 4.37 என்று காட்டும், அதாவது சுமார் 4,480 எம்பி. இரட்டை அடுக்கு டிவிடியின் 8.5 இப்படி எண்ணினால் 7.96, புளூ-ரேயின் 25 என்பது 23.3.

கேள்வி: டேட்டா டிவிடியாக எழுதினேன். பிளேயரில் சில படங்கள் ஓடவில்லை, ஒன்றில் படம் வருகிறது, சத்தம் இல்லை.

பதில்: சத்தம் வராத கோப்பை, கோப்பின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் திறந்து பாருங்கள். ஒலி டிடிஎஸ் அல்லது ஏஏசி என்ற முறையில் இருக்கும். பழைய டிவிடி பிளேயர்கள் ஏவிஐக்குள் எம்பி3, ஏசி3 இரண்டையும்தான் பெரும்பாலும் ஏற்கும். இதற்காக முழுப் படத்தையும் மாற்றாதீர்கள். அவிடெமக்ஸ் என்ற மென்பொருளில் வீடியோவுக்கு "காப்பி", ஆடியோவுக்கு "ஏசி3" என்று வைத்துச் சேமித்தால் படம் தொடப்படாமல் ஒலி மட்டும் மாறும், சில நிமிட வேலை.

ஓடவே ஓடாதவற்றில் க்யூபெல் அல்லது ஜிஎம்சி என்ற எக்ஸ்விட் கூடுதல் வசதிகளைப் போட்டுச் சுருக்கியிருக்கிறதா என்று பாருங்கள். கணினிக்கு அது பொருட்டில்லை, பிளேயரின் சிப் தடுமாறும். 720-க்கு 576-ஐத் தாண்டிய அளவும் பழைய பிளேயர்களுக்கு ஆகாது. இந்த இரண்டுக்கும் மறுபடி சுருக்குவதைத் தவிர வழியில்லை.

கேள்வி: எந்தப் பிளேயரிலும் ஓடவேண்டும், ஆகவே வீடியோ டிவிடிதான் வேண்டும். எத்தனை படம் போடலாம்?

பதில்: கோப்பின் எம்பியை மறந்துவிடுங்கள். இங்கே ஓடும் நேரம்தான் கணக்கு. ஒற்றை அடுக்கு டிவிடியில் வட்டின் சொந்த நிர்வாகத்துக்கான மேல்செலவு போக ஏறக்குறைய 3 கோடியே 60 லட்சம் கிலோபிட் இடம் உண்டு. அதை மொத்த வினாடிகளால் வகுத்து, ஒலிக்கு 192-ஐக் கழித்தால் மிஞ்சுவது வீடியோவின் பிட்ரேட், அதாவது ஒரு வினாடிப் படத்துக்குக் கிடைக்கும் கிலோபிட்.

இரண்டு மணி நேரப் படம் இரண்டு என்றால் 14,400 வினாடி. வகுத்தால் 2,500, ஒலி போக வினாடிக்கு 2,300 கிலோபிட். மூன்று படம் என்றால் சுமார் 1,475. உங்களைப் போல் ஆறு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு 640 வரும். அந்த அளவில் எம்பெக்-2 வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

2,500-க்குக் கீழே போனால் 720-க்கு 576 என்ற முழு அளவைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். 352-க்கு 576 என்ற பாதி அளவுக்கு இறங்குங்கள். புள்ளிகள் பாதியாவதால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பிட் இரட்டிப்பாகும். படம் சற்று மென்மையாகத் தெரியும், ஆனால் சண்டைக்காட்சியில் உடையாது. மங்கலைக் கண் பொறுக்கும், கட்டங்களைப் பொறுக்காது. ஒரு சிக்கல் உண்டு: பாதி அளவுக்கு டிவிடி விதிப்படி 16:9 கிடையாது. அகலத்திரைப் படத்தை மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு 4:3-க்குள் வைக்கவேண்டும். இரண்டு படத்துக்கு மேல் போவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

எதுவானாலும் இரண்டு சுற்று முறையில் சுருக்குங்கள். முதல் சுற்றில் எந்தக் காட்சி எவ்வளவு கேட்கும் என்று அளந்து, இரண்டாவதில் பங்கிடும்.

கேள்வி: என்னுடையவை பெரிய எம்கேவி கோப்புகள். நான்கை ஒரு டேட்டா டிவிடியில் அடக்க ஹேண்ட்பிரேக் என்ற சுருக்கும் மென்பொருளில் ஒவ்வொன்றுக்கும் 1,100 எம்பி வரும்படி வைக்கலாமா?

பதில்: சமபங்கு வேண்டாம். உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கும் படத்துக்கு 700 எம்பி தாராளம். மழையும் புகையும் கூட்டமுமாக இருக்கும் படத்துக்கு 1,500 கூடப் பற்றாது. நான்கையும் 720பி-க்கு இறக்கி, எச்.264 என்ற சுருக்க முறையில், ஒரே ஆர்எஃப் எண்ணில் (தரத்தைக் குறிக்கும் எண், கூடினால் தரமும் அளவும் குறையும்), 22 என்று வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டிவிட்டுக் கூட்டிப் பாருங்கள். எண்ணை 6 கூட்டினால் அளவு ஏறக்குறைய பாதியாகும், 1 கூட்டினால் சுமார் பத்தில் ஒரு பங்கு குறையும். வட்டின் இடத்தைவிட 10 விழுக்காடு கூடுதலாக வந்தால் 23-ல் மறுபடி ஓட்டுங்கள். 25-ஐத் தாண்டவேண்டி வந்தால் ஒரு படத்தை எடுத்துவிடுங்கள்.

அதற்கு முன் ஒலியைப் பாருங்கள், பலர் கவனிப்பதே இல்லை. 448 கிலோபிட்டில் ஆறு ஸ்பீக்கருக்கான 5.1 ஏசி3 இரண்டு மணி நேரத்துக்கு 403 எம்பி. 128 கிலோபிட் ஸ்டீரியோ ஏஏசி 115. டிவியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்பவர் என்றால் ஒரு படத்துக்கு 288 எம்பி சும்மா கிடைக்கிறது. எச்.264-க்கு அடுத்து வந்த எச்.265 இன்னும் இடம் மிச்சப்படுத்தும், ஆனால் பிளேயரின் கையேட்டில் அதன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே தொடுங்கள்.

மூலக் கோப்பிலிருந்துதான் சுருக்கவேண்டும். ஏற்கெனவே 700 எம்பியாக்கியதை மறுபடி சுருக்கினால் பழைய கறைகளைக் காப்பாற்றவும் பிட் செலவாகும்.

கேள்வி: 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை இரட்டை அடுக்கு வட்டில் ஏற்க மறுக்கிறது.

பதில்: வட்டில் கோப்புகளை அடுக்கும் ஐஎஸ்ஓ 9660 என்ற கோப்பு முறையில் வழக்கமான வரம்பு அது. வட்டெழுதும் இம்ஜ்பர்ன் மென்பொருளில் கோப்பு முறையை யூடிஎஃப் என்று மாற்றுங்கள். பிளேயருக்கு அது புரியாவிட்டால் எம்கேவிடூல்நிக்ஸ் மென்பொருளில் கோப்பை இரண்டாக வெட்டுங்கள், அதில் தரம் போகாது.

கேள்வி: தமிழ் எஸ்ஆர்டி வசனங்கள் (சப்டைட்டில்) டிவிடி பிளேயரில் கட்டம் கட்டமாக வருகின்றன.

பதில்: பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லை. பெயரை மாற்றினாலும் குறியாக்கத்தை மாற்றினாலும் வராது. வசனத்தைப் படத்தின் மேலேயே பதிக்கவேண்டும், அதற்கு மறுசுருக்கம் தவிர்க்கமுடியாது. வீடியோ டிவிடியில் மட்டும் இந்தத் தொல்லை இல்லை. அங்கே வசனமே எழுத்தாக இல்லாமல் படமாகத்தான் சேமிக்கப்படுகிறது.

கேள்வி: வட்டை முழுக்க நிரப்பினேன். கடைசிப் படம் மட்டும் திக்குகிறது, அண்ணா.

பதில்: வட்டு உள்ளிருந்து வெளிநோக்கி எழுதப்படுகிறது. கடைசிப் படம் விழுவது வெளிவிளிம்பில். பூச்சுக் கோளாறும் விரல் ரேகையும் அதிகம் இருக்கும் இடம் அதுதான். 100, 150 எம்பி காலியாக விடுங்கள். 16 மடங்கு வேகத்துக்குப் பதில் 8-ல் எழுதி, "வெரிஃபை" செய்யுங்கள். மேலே காகித ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் சுழலும்போது வட்டு ஆடும், அதுவும் விளிம்பில்தான் முதலில் தெரியும். ஒட்டிவிட்டதைப் பிய்க்காதீர்கள், வட்டு சேதமாகலாம். வேறு வட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.