பழைய ஏர்கன், புதுச் சாமான்: கேள்வி பதில்

பேரலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் ஏர்கன், .177 (குண்டின் விட்டம் 0.177 அங்குலம்) மட்டும் கேளுங்க.

குன்னூர்: அண்ணா, அப்பாவோட ஏர்கன் இருபது வருஷமா பீரோ மேல கிடந்தது. இப்போ குண்டு தகரத்தைக்கூடத் துளைக்கல. ஹெவி ஸ்பிரிங் போடட்டுமா?

ஸ்பிரிங்கை விடுங்க. காற்று எங்கே ஒழுகுதுன்னு முதல்ல பாருங்க. பேரல் வந்து பூட்டுற இடத்துல டிஷ்யூ பேப்பர் கீற்று ஒன்றை வைத்து, குண்டு போட்டு, மண் மேட்டைப் பார்த்துச் சுடுங்க. பேப்பர் துள்ளினா பேரல் வாய் சீல் போச்சு. பழைய துப்பாக்கியில அது தோல் வளையம், காய்ந்து தட்டையாகியிருக்கும். அதே அளவு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போதும். உலோக முகத்தைவிட நூலளவு மேலே நிற்கணும். அதிகம் நின்றால் பேரல் பூட்டாது.

பேப்பர் அசையலைன்னா சந்தேகம் பிஸ்டன் சீல் மேல (ஸ்பிரிங் தள்ள, சிலிண்டரில் காற்றை அமுக்குவது பிஸ்டன்; அதன் தலையில் இருப்பது இந்த சீல்). அதுவும் தோல்னா, குண்டு வெளியேறும் முனையை மேலே நிறுத்தி பேரல் வழியா நாலைந்து சொட்டு சிலிக்கான் ஆயில் விட்டு ராத்திரி முழுக்க வைங்க. பாதித் துப்பாக்கி இதிலேயே உயிர் பெறும். பெறலைன்னா பியூ (பாலியூரித்தேன் பிளாஸ்டிக்) சீல் மாத்துங்க. சிலிண்டரில் உள்ள நீள வெட்டின் ஓரம் கத்தி மாதிரி இருக்கும், புது சீலை உள்ளே தள்ளும்போதே சீவிடும். நைஸ் எமரியால் ஓரத்தை மழுக்கி, தூளைச் சுத்தமாத் துடைத்த பிறகே தள்ளணும். மோலி கிரீஸ் (மாலிப்டினம் கலந்த கிரீஸ்) சீலின் பக்கவாட்டில் மெல்லிசா, முகத்தில் கூடவே கூடாது.

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை: ஸ்பிரிங் உள்ளே அமுக்கியே வைத்திருக்கும். தச்சர் கிளாம்ப் போட்டு இறுக்காமல் பின்னை உருவினா ட்ரிக்கர் பிளாக் நேரா நெஞ்சுக்கு வரும்.

கூடலூர்: சிலிண்டருக்குள்ள இன்ஜின் ஆயில் விட்டேன். சத்தம் பலமா வருது, புகையும் வருது. பவர் கூடிருச்சா?

எண்ணெய் வெடிக்குது தம்பி. சீலும் ஸ்பிரிங்கும் சேர்ந்து போகும். துடைத்தெடுங்க.

கோத்தகிரி: குண்டில்லாமல் நாலு தடவை அடிச்சுப் பார்த்தேன்...

அடிக்காதீங்க. குண்டு இல்லைன்னா பிஸ்டனுக்கு முன்னால் அமுங்கிய காற்று மெத்தை இல்லை, இரும்பில் இரும்பு மோதும்.

ஊட்டி: மலையில் காற்று லேசு, குண்டு வேகமாப் போகணுமே? மேட்டுப்பாளையத்தில் ஜீரோ பண்ணது (குறி பார்த்த இடத்திலேயே குண்டு படும்படி சைட்டைச் சரிசெய்தது) இங்கே தவறுது.

பேரலை விட்டு வெளியே வந்த குண்டுக்கு நீங்க சொல்வது சரி, எதிர்ப்பு குறைவு. ஆனா அதைத் தள்ளுவதே சிலிண்டரில் உள்ள காற்றுதானே? மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர், ஊட்டி சுமார் 2,240. இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு சொச்சம். உள்ளே காற்று குறைவு, அதனால் தள்ளலும் குறைவு. மறுபடி ஜீரோ பண்ணித்தான் ஆகணும்.

கோத்தகிரி: அப்போ என் பிசிபி (காற்றை முன்கூட்டியே டேங்கில் அடைக்கும் ஏர்கன்) மட்டும் ஏன் இங்கே நல்லாப் போகுது? உங்க கணக்கு தப்பு அண்ணா.

அதில் காற்று முன்னாடியே அடைத்து வைத்தது, மலை அதைக் குறைக்காது.

ஊட்டி: அப்படின்னா குறைந்த காற்றுக்கு ஈடா ஹெவி ஸ்பிரிங் போட்டா சரியாகும்தானே!

நேர்மாறு சார். காற்று குறைஞ்சா மெத்தையும் மெலிசு. அதில் ஹெவி ஸ்பிரிங்கும் போட்டா பிஸ்டன் சிலிண்டர் முனையில் போய் அறையும். சீல் கிழியும், ஸ்டாக் ஸ்க்ரூ கழலும், சாதா ஸ்கோப் உள்ளுக்குள் உடையும். 7, 8 கிரெய்ன் (சுமார் அரை கிராம்) ஈயக் குண்டு, பேரலில் கொஞ்சம் இறுக்கமா உட்காருவது போடுங்க. இறகு மாதிரி லேசான அலாய் குண்டு இங்கே ஆகாது, அது கிட்டத்தட்ட குண்டில்லாமல் அடிப்பதுதான்.

குன்னூர்: தோட்டத்துல குரங்கு தொல்லை...

வனத்துறையிடம் போங்க. காயப்படுத்துவதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைதான்.

கூடலூர்: .22 பேரல் மாத்தலாமா?

.177-க்கு மேல் போனாலோ குண்டின் சக்தி 20 ஜூல் அளவைத் தாண்டினாலோ லைசென்ஸ் வேணும். இங்கே கேட்காதீங்க.

கோத்தகிரி: டிசம்பர்ல காலையில மட்டும் குண்டு தாழப் போகுது.

உறைபனியில் கெட்டி கிரீஸ் இறுகும். வழித்தெடுத்து மெல்லிசாப் பூசுங்க.

குன்னூர்: அண்ணா, எந்த ஹெவி ஸ்பிரிங் நல்லது?

மேலே படிங்க. பழசு வளைஞ்சிருந்தா அதே அளவில் புதுசு. கம்பி கனம், வெளிவிட்டம், சுற்று எண்ணிக்கை மூன்றையும் அளந்து வாங்குங்க. 3 மி.மீ. கம்பி, 36 சுற்றுன்னா முழுசா அமுங்கி 108 மி.மீ. நிற்கும். மடக்கின நிலையில் உள்ளே அதைவிட இடம் குறைஞ்சா பிஸ்டன் ட்ரிக்கரில் மாட்டவே மாட்டாது.