பாதயாத்திரையில் நீர் பிரிக்கும் மாத்திரை: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்

கேள்வி: என் மாமியாருக்கு வயது 64. ரத்தக் கொதிப்புக்காக டெல்மிசார்ட்டன் 40 மி.கி., நீர் பிரிக்கும் மருந்தான ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 மி.கி. இரண்டும் சேர்ந்த மாத்திரையைச் சில ஆண்டுகளாகக் காலையில் சாப்பிட்டு வருகிறார். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கப் போகிறார். வழியில் ஒதுங்க இடம் கிடைக்காது என்பதால், நடக்கும் நாள்களில் மட்டும் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார். முழங்கால் வலிக்கு டைக்ளோஃபினாக் மாத்திரையும் எடுத்துச் செல்கிறார். இது சரியா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: தாமாக நிறுத்துவது சரியன்று. நீர் பிரிக்கும் மருந்தை மட்டும் நிறுத்துவதாக உங்கள் மாமியார் எண்ணுகிறார். ஆனால் ஒரே மாத்திரையில் இரண்டு மருந்துகளும் இருப்பதால், அதை விட்டால் அவருடைய ரத்த அழுத்தத்துக்கான சிகிச்சை முழுவதுமே நின்றுவிடும். மேலும், இவ்வகை மருந்து சிறுநீரை வெளிப்படையாக அதிகப்படுத்துவது பெரும்பாலும் தொடக்க வாரங்களில்தான். அதன்பின் உடல் பழகிக்கொள்ள, ரத்தக் குழாய்களின் இறுக்கம் தளர்வதாலேயே அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. ஆகவே ஆண்டுக்கணக்காகச் சாப்பிடுபவர் இப்போது நிறுத்தினாலும், அவர் எதிர்பார்க்கும் வசதி அவ்வளவாகக் கிடைக்காது. விடியுமுன் நடக்கத் தொடங்குபவர் என்றால், தங்குமிடம் சேர்ந்தபின் பகலிலேயே மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். ஒரு நாள் மறந்துபோனால் மறுநாள் இரண்டாகச் சேர்த்து விழுங்கக் கூடாது.

எனக்குப் பெரிய கவலை டைக்ளோஃபினாக்தான். டெல்மிசார்ட்டன், நீர் பிரிக்கும் மருந்து, இவ்வகை வலி மாத்திரை ஆகிய மூன்றும், வெயிலில் நடந்து உடலில் நீர் வற்றியிருக்கும் வேளையில் ஒன்றுசேர்ந்தால், சிறுநீரகத்துக்குச் செல்லும் ரத்தம் குறைந்து, சில நாள்களிலேயே அது திடீரெனப் பழுதடையக்கூடும். கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும் மாத்திரை என்பதால் யாரும் இதைப் பெரிதாக எண்ணுவதில்லை. வலிக்குப் பாராசிட்டமால் போதுமா, எத்தனை வேளை என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும்.

ஒதுங்க இடமில்லை என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் வழக்கம் நம் பெண்களிடம் உண்டு. அவர்கள் மேல் குற்றமில்லை, வழியில் கழிப்பறை கட்டாதவர்கள் மேல்தான் குற்றம். ஆனாலும் ஆச்சி தாகத்தை அடக்க வேண்டாம். அதேபோல், தாகமில்லாதபோதும் வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பதும் தவறு. அப்படிக் குடித்தால், நீர் பிரிக்கும் மருந்து சாப்பிடும் முதியவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைச்சுற்றல், குமட்டல், தடுமாற்றம், முற்றினால் மனக்குழப்பமும் வலிப்பும்கூட வரலாம். வழியில் தரும் நீர்மோரை அளவாகக் குடிக்கலாம்.

புறப்படும் முன் ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகிய மூன்றையும் பரிசோதித்துவிடுங்கள். நடையின்போது வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டால், அன்றைய மாத்திரையைப் போடுமுன் மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். இந்த ஒரு நிலையில் சில நாள் நிறுத்திவைக்கும்படி அவரே சொல்லக்கூடும். எழுந்தால் கண் இருண்டு வந்தாலும், சிறுநீர் மிகவும் குறைந்தாலும், நடையை நிறுத்தி அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: ரத்தக் கொதிப்புக்கு எனக்கு ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கடையில் விற்கும் ‘சோடியம் குறைந்த உப்பு’க்கு மாறலாமா?
- வாசகர், புதுவயல்

பதில்: மாற வேண்டாம். அந்த வகை உப்பில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள்; உங்கள் மாத்திரையோ, மற்றப் பல நீர் பிரிக்கும் மருந்துகளைப் போலன்றி, பொட்டாசியத்தை உடலிலேயே தக்கவைப்பது. இரண்டும் சேர்ந்து அது மிகுந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். வழக்கமான உப்பையே குறையுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் கீழ். அதில் உப்புக்கண்டம், மோர்மிளகாய், அப்பளம், ஊறுகாய் எல்லாமே அடக்கம். அந்த உப்பை ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தால், தாமதிக்காமல் பொட்டாசியம் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.