பெட்டிதான் ஓட்டு: 1952 சென்னை மாநிலத் தேர்தல் பற்றி வாசகர் கேள்விகள்

வயது வந்த அனைவருக்கும் ஓட்டு என்ற அடிப்படையில் சென்னை மாநிலத்தில் நடந்த முதல் சட்டமன்றத் தேர்தல் 1952 ஜனவரியில் பல கட்டங்களாக நடந்தது. அதைப் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில்.

"அந்தக் காலத்தில் சீட்டில் முத்திரையே குத்தவில்லை, அப்படியே பெட்டியில் போட்டோம்" என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அப்படியென்றால் யாருக்கு விழுந்த ஓட்டு என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?
– வாசகி, கும்பகோணம்

பெரியவர்கள் சொல்வது முழுக்க உண்மை. அப்போது ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியின் மேல் அவருடைய சின்னம் ஒட்டியிருக்கும். வாக்காளர் பெயரைப் பட்டியலில் சரிபார்த்து, விரலில் மை வைத்து, ஒரு சீட்டைக் கொடுப்பார்கள். அதில் வேட்பாளர் பெயரும் இருக்காது, சின்னமும் இருக்காது. ஏறக்குறைய ஒரு ரூபாய் நோட்டு அளவுள்ள, எண் அச்சிட்ட காகிதம், அவ்வளவுதான். மறைப்புக்குள் தனியாகப் போய், தனக்கு வேண்டிய சின்னமுள்ள பெட்டியில் அதைப் போட்டுவிட்டு வர வேண்டும். எந்தப் பெட்டியில் கிடந்ததோ அந்த வேட்பாளருடைய ஓட்டு.

நாட்டில் சுமார் 85 சதவீதம் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாத நிலையில், குறியிடச் சொன்னால் ஏராளமான சீட்டுகள் செல்லாமல் போகும் என்று தேர்தல் ஆணையம் கருதியது. இந்த ஏற்பாட்டில் இன்னொரு வசதியும் இருந்தது. சீட்டில் பெயர் இல்லாததால் தொகுதிக்குத் தொகுதி தனியாக அச்சடிக்க வேண்டியதில்லை. வேட்பாளர் பட்டியல் முடிவாகும்வரை காத்திருக்காமல் நாசிக் பாதுகாப்பு அச்சகத்தில் மொத்தமாக அடித்து வைத்துக்கொள்ளலாம்.

சுமை முழுவதும் பெட்டியின் தலையில் விழுந்தது. சட்டமன்றத்துக்கு ஏழு பேர், மக்களவைக்கு ஐந்து பேர் நின்றால் ஒரு சாவடிக்கே குறைந்தது 12 பெட்டி வேண்டும். நாடு முழுவதற்கும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இரும்புப் பெட்டிகள் செய்ய வேண்டியிருந்தது இதனால்தான். அவற்றில் 12 லட்சத்துக்கும் மேல் பம்பாயில் விக்ரோலியில் இருந்த கோத்ரெஜ் ஆலையில் தயாரானவை. வெளிப்பூட்டு போட்டால் செலவு கூடும் என்பதால் பூட்டும் அமைப்பைப் பெட்டிக்குள்ளேயே வைத்தார்கள்.

ஓட்டு யாருக்கு என்பதற்குச் சீட்டில் எந்த அடையாளமும் இல்லை, பெட்டியில்தான் இருக்கிறது. ஆகவே பெட்டியின் மேல் ஒட்டிய சின்னம் உரிந்தாலோ, யாரேனும் மாற்றி ஒட்டினாலோ அதற்குள் இருக்கும் அத்தனை ஓட்டும் சந்தேகத்துக்கு உள்ளாகும். அதற்காகவே சின்னத்தைப் பெட்டிக்கு வெளியிலும் உள்ளேயும் ஒட்டினார்கள். ஓட்டுப்பதிவு தொடங்குமுன் காலிப் பெட்டியை வேட்பாளர்களின் ஏஜென்டுகளுக்குத் திறந்து காட்டி, அதன் பிறகுதான் முத்திரையிடுவார்கள்.

இத்தனை செய்தும் அடைக்க முடியாத ஓட்டை ஒன்று இருந்தது. மறைப்புக்குள் போனவர் சீட்டைப் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு வெளியே வந்தால் யாருக்கும் தெரியாது. அந்தச் சீட்டை விலைக்கு வாங்குகிறவர்கள் இருந்தார்கள். நாலைந்து சீட்டைச் சேர்த்து, நம்பிக்கையான ஒருவர் உள்ளே போகும்போது தன் சீட்டோடு சேர்த்து வேண்டிய பெட்டியில் திணித்துவிடலாம். மொத்தக் கணக்கு சரியாகவே வரும், பிடிபடாது. இது தவிர, குழப்பத்தில் சீட்டைப் பெட்டியின் மேலேயே வைத்துவிட்டு வந்தவர்களும் உண்டு, மக்களவைச் சீட்டைச் சட்டமன்றப் பெட்டியில் போட்டவர்களும் உண்டு. அவை செல்லாதவை.

எல்லா வேட்பாளரையும் ஒரே சீட்டில் அச்சிட்டு, முத்திரை குத்தி, ஒரே பெட்டியில் போடும் முறை பொதுத் தேர்தலில் பரவலாக வந்தது 1962ல்தான்.

எங்கள் தாலுகாவில் ஒருவருக்கு இரண்டு ஓட்டு, பக்கத்துத் தாலுகாவில் ஒன்றுதான் என்று கேள்விப்பட்டேன். இது எப்படி நியாயம்?
– வாசகர், விழுப்புரம்

அது இரட்டை உறுப்பினர் தொகுதி. 1952ல் சென்னை சட்டமன்றத்துக்கு 375 இடங்கள், ஆனால் தொகுதிகள் 309தான். 243 தொகுதிகளில் தலா ஓர் உறுப்பினர், 66 தொகுதிகளில் இருவர். இந்த 66லும் ஓரிடம் பொது, மற்றொன்று ஒதுக்கீடு: 62ல் பட்டியல் சாதியினருக்கு, 4ல் பழங்குடியினருக்கு. தனித்தொகுதி என்று ஒரு பகுதியையே ஒதுக்காமல், அதே பெரிய தொகுதிக்குள் ஓரிடத்தை ஒதுக்கிய ஏற்பாடு இது. இரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பதால் வாக்காளருக்கு இரண்டு சீட்டு. தொகுதியும் ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரியது என்பதால் அநியாயம் ஒன்றுமில்லை.

இரண்டு சீட்டையும் ஒரே பெட்டியில் போட்டால் ஒன்றுதான் கணக்கில் சேரும். இரண்டு வெவ்வேறு பெட்டிகளில் போட வேண்டும். எந்த இரண்டு என்பது வாக்காளர் விருப்பம். ஒரு பொது வேட்பாளர், ஒரு ஒதுக்கீட்டு வேட்பாளர் என்று கட்டாயம் கிடையாது. பிரச்சாரத்தில் இதை விளக்குவதுதான் கட்சிகளுக்குப் பெரும் வேலையாக இருந்தது.

எண்ணிக்கையில் வரிசை முக்கியம். முதலில் ஒதுக்கீட்டு வேட்பாளர்களுக்குள் அதிக ஓட்டு வாங்கியவரைத் தேர்ந்தவராக அறிவிப்பார்கள். அதன் பிறகு மீதமுள்ள அனைவரிலும் யார் அதிகமோ அவருக்கு இரண்டாவது இடம். கற்பனைக் கணக்காக, பொது வேட்பாளர்கள் இருவர் 30,000, 28,000 என்றும், பட்டியல் சாதி வேட்பாளர்கள் இருவர் 22,000, 18,000 என்றும் வாங்கினால், 22,000 வாங்கியவரும் 30,000 வாங்கியவரும் வென்றவர்கள். 28,000 வாங்கியவர் தோற்றவர். பழைய முடிவுகளைப் பார்த்து "அதிக ஓட்டு வாங்கியவரை ஏன் தோற்றதாகப் போட்டிருக்கிறார்கள்?" என்று கேட்கிறவர்களுக்கு விடை இதுதான்.

மறுபக்கமும் நடக்கலாம். "மீதமுள்ள அனைவரிலும்" என்பதில் ஒதுக்கீட்டுச் சமூகத்தைச் சேர்ந்த இரண்டாமவரும் அடக்கம். 1957ல் ஆந்திராவின் பார்வதிபுரம் மக்களவைத் தொகுதியில் இரண்டு இடங்களையும் பழங்குடி வேட்பாளர்களே வென்றார்கள். தோற்றவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி. கிரி. ஒதுக்கீட்டு இடத்துக்கு என்று அறிவித்து நின்றவர் பொது இடத்தைப் பெற முடியாது என்று அவர் வழக்குத் தொடுத்தார். உச்ச நீதிமன்றம் 1959ல் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அந்தத் தீர்ப்பு முற்றிலும் சரியானது: பொது இடம் என்பது எல்லோருக்கும் பொதுவானது, மற்றவர்களுக்கு மட்டும் ஒதுக்கியது அல்ல. 1961ல் தனிச் சட்டம் கொண்டுவந்து இரட்டை உறுப்பினர் தொகுதிகளையே ஒழித்துவிட்டார்கள்.

1952லேயே விரலில் வைத்தது மைசூரில் செய்த மைதானா?
– பள்ளி ஆசிரியர், ஓசூர்

இல்லை. அழியாத மை முதல் தேர்தலிலேயே இருந்தது. மைசூர் நிறுவனத்தின் மை பயன்பாட்டுக்கு வந்தது 1962 தேர்தலில். தோலில் பட்டு வெளிச்சத்தில் கறுக்கிற வெள்ளி நைட்ரேட்தான் அதன் அடிப்படை. நகமும் தோலும் சேரும் இடத்தில் பட்டால்தான் நெடுநாள் நிற்கும். வைத்த உடனே ஈரத்தைத் துடைத்துவிட்டால் பிடிக்காது என்பதால்தான் மை காயும்வரை அலுவலர்கள் விரலைக் கவனிக்கிறார்கள்.

நாமக்கல் வழக்கு என்று சட்டக் கல்லூரியில் அடிக்கடி சொல்கிறார்கள். அது 1952 தேர்தலோடு தொடர்புடையதா?
– சட்ட மாணவி, சேலம்

ஆம், இந்தத் தேர்தலிலேயே பிறந்த வழக்கு. நாமக்கல் தொகுதிக்கு என்.பி. பொன்னுசாமி தாக்கல் செய்த வேட்புமனுவை 1951 நவம்பர் 28 அன்று பரிசீலனையில் தேர்தல் அதிகாரி தள்ளுபடி செய்தார். அந்த முடிவை ரத்து செய்யக் கோரி பொன்னுசாமி சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டார். தலையிட அதிகாரமில்லை என்றது நீதிமன்றம். மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றமும் 1952 ஜனவரி 21 அன்று அதையே உறுதி செய்தது.

காரணம், அரசமைப்பின் 329(ஆ) பிரிவு. தேர்தல் முடிந்தபின் போடும் தேர்தல் மனு மூலமாக மட்டுமே தேர்தலை எதிர்க்க முடியும் என்கிறது அது. தேர்தல் என்பது ஓட்டுப்போடும் நாள் மட்டுமல்ல, அறிவிக்கை வெளியானதிலிருந்து முடிவு அறிவிப்பதுவரை உள்ள முழு நடவடிக்கையும் அதில் அடங்கும் என்றார் நீதிபதி பசல் அலி. நடுவில் நீதிமன்றம் நிறுத்தத் தொடங்கினால் எந்தத் தேர்தலும் குறித்த காலத்தில் முடியாது. தனி வேட்பாளருக்கு இது கடுமையானதுதான். ஆனாலும் நாட்டின் முதல் தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போதே இந்தத் தெளிவு கிடைத்தது பெரிய நன்மை.

இன்றைக்கும் இதுவே சட்டம். வேட்புமனு தள்ளுபடியானால் முடிவு வரும்வரை காத்திருந்து, வென்றவர் தேர்ந்தெடுக்கப்பட்ட நாளிலிருந்து 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட வேண்டும். வேட்புமனுவைத் தவறாகத் தள்ளுபடி செய்தது நிரூபணமானால், அதனால் முடிவு மாறியதா என்று தனியாகக் காட்ட வேண்டியதில்லை, தேர்தல் செல்லாது. 1952ல் தேர்தல் மனு நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போகாது. ஆணையத்திடம் கொடுக்க வேண்டும், ஆணையம் தீர்ப்பாயம் அமைக்கும்.

அப்போது வேட்புமனுவில் சறுக்கும் இடங்களும் அதிகம். தொகுதி வாக்காளர்களில் முன்மொழிபவர் ஒருவர், வழிமொழிபவர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். தேர்தல் ஏஜென்டாகத் தன்னையோ இன்னொருவரையோ நியமித்ததற்கான அறிவிப்பை மனுவோடு இணைக்க வேண்டும். ஒதுக்கீட்டு இடத்துக்கு நின்றால் சமூகத்தைக் குறிப்பிட்டுத் தனி அறிவிப்பு. சட்டமன்றத்துக்கு டெபாசிட் 250 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு 125.

வாக்காளர் பட்டியலிலிருந்து பெண்கள் பெயரையே நீக்கினார்கள் என்பது உண்மையா?
– வாசகி, மதுரை

நாடு முழுவதும் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர் நீக்கப்பட்டது. தங்கள் பெயரைச் சொல்லாமல் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாய்' என்றே பதிந்திருந்தார்கள். சொந்தப் பெயரில்லாத பதிவு கூடாது என்று தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக இருந்தார். இது பெரும்பாலும் பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் முதலிய வட பகுதிகளில் நடந்தது. சென்னை மாநிலத்தில் இந்தச் சிக்கல் பெரிதாக எழவில்லை.

1952ல் தி.மு.க. எத்தனை இடம் வென்றது?
– வாசகர், காஞ்சிபுரம்

போட்டியிடவே இல்லை. திராவிட நாடு கோரிக்கையை ஏற்ற வேட்பாளர்களை ஆதரித்தது. 1957ல்தான் முதன்முதலில் களமிறங்கியது. பழைய சுவரொட்டியில் உதயசூரியனைப் பார்த்து ஏமாற வேண்டாம். 1951–52ல் அந்தச் சின்னம் ராம ராஜ்ய பரிஷத்துக்குரியது. காங்கிரசுக்கு நுகம் பூட்டிய இரட்டைக் காளை, சோஷலிஸ்டுகளுக்கு மரம், ஆந்திரத் தலைவர் பிரகாசம் இருந்த கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிக்குக் குடிசை, கம்யூனிஸ்டுகளுக்குக் கதிர் அரிவாள்.

பெரும்பான்மை இல்லாத காங்கிரஸ் எப்படி ஆட்சி அமைத்தது? ராஜாஜி எந்தத் தொகுதியில் நின்றார்?
– வாசகர், திருச்சி

ராஜாஜி எந்தத் தொகுதியிலும் நிற்கவில்லை. 375ல் பெரும்பான்மைக்கு 188 வேண்டும். காங்கிரஸ் வென்றது 152. தமிழ்ப் பகுதிகளில் 96, ஆந்திரப் பகுதிகளில் 43, தென் கன்னடத்தில் 9, மலபாரில் 4. முதலமைச்சர் குமாரசாமி ராஜாவே தோற்றார், பக்தவத்சலமும் தோற்றார். கம்யூனிஸ்டுகளுக்கு 62, பிரஜா கட்சிக்கு 35, சுயேச்சைகளுக்கு 62. மதுரையில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி சிறையிலிருந்தபடியே வென்றார். எதிர்க்கட்சிகள் பிரகாசம் தலைமையில் ஐக்கிய ஜனநாயக முன்னணியாகச் சேர்ந்து ஆட்சி அமைக்க உரிமை கோரின.

ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவர்களை அழைக்கவில்லை. ராஜாஜியைச் சட்ட மேலவைக்கு நியமன உறுப்பினராக்கினார். 1952 ஏப்ரல் 10 அன்று ராஜாஜி முதலமைச்சரானார். இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு, சமூக சேவை ஆகியவற்றில் தேர்ந்தவர்களுக்கான நியமனத்தைத் தேர்தலில் நிற்காத ஒருவரை முதல்வராக்கப் பயன்படுத்தியது சட்டத்தின் எழுத்துக்கு உட்பட்டது, நோக்கத்துக்கு ஒவ்வாதது என்பதே எங்கள் கருத்து. இதை எதிர்த்து ராமமூர்த்தி தொடுத்த ரிட் மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

மீதி வேலை சட்டமன்றக் கணக்கில் நடந்தது. 6 உறுப்பினர் கொண்ட காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரானார். முஸ்லிம் லீகின் 5 பேர் ஆதரவளித்தனர். சுயேச்சைகள் பலர் வந்து சேர்ந்தனர். ஜூலை 3 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு 200, எதிராக 151. ராமசாமி படையாட்சியின் உழைப்பாளர் கட்சி 19 இடங்களோடு வந்தும் உடனே அமைச்சரவையில் சேரவில்லை. அவர் அமைச்சரானது 1954ல் காமராஜர் காலத்தில்.

எங்கள் ஊரின் 1952 முடிவைத் தேடி எழுதுகிறேன். நாகர்கோவிலே பட்டியலில் இல்லையே?
– ஆய்வு மாணவர், நாகர்கோவில்

நீங்கள் தவறான மாநிலத்தில் தேடுகிறீர்கள். கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் 1956 நவம்பர்வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. அந்த மாநிலத்தின் 108 இடங்களுக்கான பட்டியலைப் பாருங்கள். திருத்தணிக்காரர்கள் சித்தூர் மாவட்டத்தில் தேட வேண்டும். மாவட்டப் பெயர்களும் பழையவை: நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்றால் சேலம், ஈரோடு என்றால் கோயம்புத்தூர், திண்டுக்கல், தேனி என்றால் மதுரை, சிவகங்கை என்றால் ராமநாதபுரம், கடலூர், விழுப்புரம் என்றால் தென்னார்க்காடு.

ஓட்டுப்பதிவு சதவீதம் போடும்போது கவனம் தேவை. இரட்டை உறுப்பினர் தொகுதியில் பதிவான ஓட்டுகள் வாக்காளர் எண்ணிக்கையையே தாண்டலாம். அதை வாக்காளர் எண்ணிக்கையால் அப்படியே வகுத்தால் 100க்கு மேல் வரும். பதிவான ஓட்டுகளை இரண்டால் வகுத்தாலும் ஓட்டுப்போட வந்தவர்களின் சரியான எண்ணிக்கை கிடைக்காது, ஏனென்றால் ஒரு சீட்டை மட்டும் போட்டவர்களும் உண்டு. அது குறைந்தபட்ச அளவு என்று குறிப்பிட்டே பயன்படுத்துங்கள். ஒரு கட்சியின் மாநில ஓட்டு சதவீதத்திலும் இதே கோளாறு இருக்கிறது: இரட்டைத் தொகுதி வாக்காளர் அந்தக் கூட்டலில் இரண்டு முறை எண்ணப்படுகிறார். 1952ஐ 1962ஓடு ஒப்பிட்டுக் கட்சி வளர்ந்தது, தேய்ந்தது என்று எழுதுமுன் 243 ஒற்றைத் தொகுதிகளை மட்டும் தனியே கூட்டிப் பாருங்கள்.