அமெரிக்காவில் பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகத்தில் புலனாய்வு இன்டர்ன்ஷிப்: மகளை அனுப்பலாமா?

கேள்வி: என் மகள் வாஷிங்டனில் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சட்ட மாணவி இல்லை. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு அரசு செலவில் வாதாடும் பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகத்தில், கோடை விடுமுறைக்குப் புலனாய்வு இன்டர்ன்ஷிப் செய்யப்போவதாகச் சொல்கிறாள். சம்பளம் இல்லையாம். அப்படி என்ன வேலை அது? பெண் பிள்ளைக்குப் பாதுகாப்பானதா? குற்றவாளிகளுக்கு ஏன் உதவ வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள்.

பதில்:

கல்லூரியில் படிக்கும்போது கிழக்குக் கடற்கரை நகரம் ஒன்றில் நான் இதே வேலையைச் செய்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், தாராளமாக அனுப்புங்கள். என்ன வேலைக்குப் போகிறாள் என்பதை வீட்டில் எல்லோரும் ஒருமுறை புரிந்துகொண்டு அனுப்பினால் இன்னும் நல்லது.

வீட்டில் கேட்கும் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அவள் உதவப்போவது குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு. அவர்கள் குற்றவாளிகளா இல்லையா என்பது அந்தக் கட்டத்தில் யாருக்கும் தெரியாது. போலீஸ் ஒரு கதையை எழுதி நீதிமன்றத்தில் கொடுத்திருக்கிறது. அந்தக் கதை சரிதானா என்று எதிர்த் தரப்பிலிருந்து யாராவது தெருவில் இறங்கிப் பார்க்க வேண்டும். பணக்காரர் என்றால் தனியார் துப்பறிவாளரை வைத்துக்கொள்வார். கையில் காசில்லாதவருக்கு அந்த வேலையைச் செய்வது பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகத்தின் புலனாய்வாளர்கள்தான். அவர்களுக்குக் கைகொடுப்பது உங்கள் மகளைப் போன்ற மாணவர்கள்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் கிளாரன்ஸ் கிடியன் என்ற ஏழை மனிதரின் வழக்கு இருக்கிறது. 1961இல் புளோரிடாவின் பனாமா சிட்டியில், ஒரு பூல் விளையாட்டுக் கூடத்தை உடைத்துத் திருடியதாக அவரைப் பிடித்தார்கள். வக்கீல் வேண்டும் என்று கேட்டார், நீதிபதி மறுத்துவிட்டார். தானே வாதாடித் தோற்றார். ஐந்து வருடச் சிறை. சிறையிலிருந்து பென்சிலால் எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு மனுப் போட்டார். வசதியில்லாதவருக்கு மாநிலம் வக்கீல் தந்தாக வேண்டும் என்று 1963 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. இதுவரை பலருக்கும் தெரிந்த கதை. அதே வருடம் ஆகஸ்டில் நடந்த மறுவிசாரணைதான் உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. சம்பவத்தன்று கிடியனை ஏற்றிச்சென்ற டாக்சி ஓட்டுநர், 'என்னை ஏற்றியதை யாரிடமும் சொல்லாதே' என்று கிடியன் கேட்டுக்கொண்டதாகச் சாட்சி சொல்லியிருந்தார். கேட்டால் திருடனின் பேச்சு போலத்தானே இருக்கிறது? இந்த முறை வக்கீல் இருந்தார். அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார்: இதற்கு முன்பும் அப்படிச் சொல்லியிருக்கிறாரா? ஆமாம், சொல்லியிருக்கிறார், வீட்டில் மனைவியோடு தகராறு என்பதால் என்றார் ஓட்டுநர். ஜூரிகள் ஒரு மணி நேரம் போல ஆலோசித்துவிட்டு கிடியனை விடுதலை செய்தார்கள்.

அந்த அடுத்த கேள்வியை வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும் முன்பே, சாட்சியின் வீட்டு வாசலில் நின்று கேட்டுவிட வேண்டும். உங்கள் மகள் செய்யப்போகும் வேலை அதுதான்.

நடைமுறையில் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். முதலில் சில நாட்கள் பயிற்சி. அப்புறம் இருவர் இருவராகச் சேர்த்து, ஒரு வழக்கறிஞரிடமோ மூத்த புலனாய்வாளரிடமோ விடுவார்கள். சம்பவ இடத்துக்குப் போய்ப் படம் எடுப்பது, தூரம் அளப்பது, வீடு வீடாகக் கதவைத் தட்டிச் சாட்சி தேடுவது, வாக்குமூலம் எழுதி வாங்குவது, சம்மன் கொடுப்பது, 911 என்ற அவசர உதவி எண்ணுக்கு வந்த அழைப்புப் பதிவையும் போலீஸ் உடைக் கேமரா வீடியோவையும் கேட்டுப் பார்த்துக் குறிப்பெடுப்பது, சிறைக்குப் போய்க் கட்சிக்காரரை, அதாவது அலுவலகம் யாருக்காக வாதாடுகிறதோ அவரை, பார்ப்பது. எல்லாமே கையில் நோட்டும் காலில் நல்ல ஷூவும் இருந்தால் செய்யக்கூடிய வேலைகள். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை.

ஏன் இருவர்? இதில் ஒரு சட்டக் காரணம் இருக்கிறது. சாட்சி நம்மிடம் ஒன்று சொல்லிவிட்டு, நீதிமன்றத்தில் வேறொன்று சொன்னால், 'அன்று இப்படித்தான் சொன்னார்' என்று யாராவது கூண்டேறிச் சொல்ல வேண்டும். வாதாடும் வழக்கறிஞர் அதே வழக்கில் சாட்சியாகவும் நிற்க முடியாது. அதனால்தான் வழக்கறிஞர் தனியாகப் போய்ச் சாட்சியிடம் பேசுவதைத் தவிர்ப்பார். புலனாய்வாளரோ இன்டர்னோ போவார், கூட இன்னொருவரும் இருப்பார். இருபது வயது மாணவி ஜூரி முன்னால் சத்தியம் செய்து சாட்சி சொல்லும் நிலைமைகூட வரலாம். ஆகவே அவள் எழுதும் ஒவ்வொரு வரியும், எதிர்த் தரப்பு வக்கீல் குடைந்தெடுத்தாலும் தாங்கும்படி இருக்க வேண்டும்.

வாக்குமூலம் வாங்குவதைப் பக்கத்திலிருந்து காட்டுகிறேன். போலீஸ் அறிக்கையில் 'சாட்சி அடையாளம் காட்டினார்' என்று இருந்தது. நாங்கள் போனபோது அந்தப் பாட்டி சமையலறை மேசையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பேசப் பேச, 'அவன்தான் என்று நான் சொல்லவில்லை, அவன் மாதிரி இருந்தது என்றுதான் சொன்னேன்' என்றார். இந்த இடத்தில் பேனா அவசரப்படக் கூடாது. 'அடையாளம் காட்டவில்லை' என்று நம் வசதிக்கு எழுதினால் அது நம்முடைய பொய். அவர் வாயிலிருந்து வந்த சொற்களையே எழுத வேண்டும். எழுதி முடித்ததும் முழுவதையும் அவருக்குப் படித்துக் காட்டினோம். தெரு விளக்கு எந்தப் பக்கம் இருந்தது என்பதில் ஒரு திருத்தம் சொன்னார். அடித்து எழுதிய இடத்தில் அவரே பெயரின் முதலெழுத்துகளைப் போட்டார், ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் போட்டார். கடைசியில் 'படித்துப் பார்த்தேன், உண்மை' என்று அவர் கையாலேயே ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டார். அந்தத் திருத்தம்தான் வாக்குமூலத்துக்குப் பலம். அவர் கவனமாகப் படித்திருக்கிறார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

எல்லாவற்றையும்விட அவசரமானது சிசிடிவி. தெருமுனைக் கடைகளில் இருக்கும் ரெக்கார்டர்கள் சில நாட்களிலோ சில வாரங்களிலோ பழையதை அழித்து மேலேயே புதிதாக எழுதிக்கொண்டு போகும். கட்சிக்காரர் சிறையில் இருக்கிறார், வழக்கறிஞர் வேறு வழக்கில் நீதிமன்றத்தில் நிற்கிறார். கடைக்கு ஓடுவதற்கு இன்டர்னை விட்டால் ஆளில்லை. ஒருமுறை நாங்கள் போன கடையில், ரெக்கார்டர் கடிகாரம் உண்மை நேரத்துக்கு ஒரு மணி நேரம் பின்னால் இருந்தது. அமெரிக்காவில் மார்ச்சில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். அந்தக் கடையில் அதை யாரும் தள்ளவில்லை. திரையில் இரவு ஒன்பது என்று தெரிந்தது உண்மையில் பத்து மணிக் காட்சி. செல்போன் கடிகாரமும் ரெக்கார்டர் திரையும் ஒரே சட்டகத்தில் வருகிற மாதிரி ஒரு படம் எடுத்தோம். அது இல்லாவிட்டால் அந்த வீடியோவே தப்பான சாட்சியாகப் போயிருக்கும்.

சம்பவ இடத்துக்கும் அதே நேரத்தில், முடிந்தால் அதே பருவத்தில் போக வேண்டும். ஜூலையில் மரத்தின் இலைகள் மறைத்த ஜன்னல், ஜனவரியில் போனால் பளிச்சென்று தெரியும்.

கண்டுபிடித்தது எல்லாம் கட்சிக்காரருக்குச் சாதகமாக இருக்காது. பாதகமாக இருந்தாலும் வழக்கறிஞரிடம் அப்படியே சொல்லியாக வேண்டும், வெளியில் மூச்சுவிடக் கூடாது. அதுவும் வீண்வேலை இல்லை. அமெரிக்க மாநில நீதிமன்றங்களில் வரும் தண்டனைகளில் 94 சதவீதமும், மத்திய நீதிமன்றங்களில் 97 சதவீதமும், குற்றத்தை ஒப்புக்கொள்வதால் வருபவை என்று உச்ச நீதிமன்றமே 2012இல் ஒரு தீர்ப்பில் குறிப்பிட்டது. அதாவது பெரும்பாலானவர்கள் விசாரணை வரை போவதே இல்லை. ஒப்புக்கொள்ளலாமா, எந்த நிபந்தனையில் என்று முடிவெடுக்கும் மனிதருக்குத் தன் வழக்கின் உண்மையான பலமும் பலவீனமும் தெரிய வேண்டாமா? போலீஸ் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு பத்து வருடத்துக்குச் சம்மதிப்பது பெரிய அநியாயம். வழக்கறிஞருக்கு நியாயமான அளவு புலனாய்வு செய்யும் கடமை உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் 1984 ஸ்ட்ரிக்லண்ட் தீர்ப்பும் சொல்கிறது. ஆனால் ஒரே சமயத்தில் ஏகப்பட்ட வழக்குகளைச் சுமக்கும் வழக்கறிஞர், கடமை என்று தெரிந்தும் எத்தனை கதவைத்தான் தட்டுவார்?

சரி, பாதுகாப்பு. தனியாக அனுப்ப மாட்டார்கள். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஒரு வீடோ ஒரு ஆளோ சரியாகப்படவில்லை என்றால் திரும்பி வந்துவிடலாம், யாரும் திட்ட மாட்டார்கள். விண்ணப்பிக்கும் இடத்தில் இந்த விதிகள் எப்படி என்று அவள் நேர்காணலிலேயே கேட்கட்டும். மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு அலுவலகம் பார்க்கலாம். எனக்குக் கிடைத்த அனுபவத்தில், ஏழைத் தெருக்களில் கதவைத் திறந்தவர்கள் பெரும்பாலும் மரியாதையாகவே பேசினார்கள். மனசுக்குத்தான் பாரம் அதிகம். பிணக்கூறாய்வுப் படங்களைப் பார்க்க வேண்டிவரும். சில நாள் வேலை முடிந்து வந்தால் சாப்பாடு இறங்காது. போனில் பேசும்போது வழக்கைப் பற்றிக் கேட்காதீர்கள், அவள் சொல்லவும் கூடாது. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேளுங்கள்.

நெறிமுறைகளில் அவள் மிகவும் கறாராக இருக்க வேண்டும். போலீஸ் போலவோ அரசுத் தரப்பு போலவோ காட்டிக்கொள்ளக் கூடாது. யார் தரப்பிலிருந்து வருகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 'போலீசிடம் பேசாதே' என்று சாட்சியிடம் சொல்லக் கூடாது. அதே வழக்கில் குற்றம் சாட்டப்பட்டு, தனக்கென்று வக்கீல் வைத்திருக்கும் இன்னொருவரிடம் நேராகப் போய்ப் பேசக் கூடாது. பொய்ப் பெயரில் ஃபேஸ்புக் நட்பு கேட்டு உளவு பார்க்கக் கூடாது.

சம்பளம் இல்லாததுதான் எனக்கு இன்றுவரை வருத்தம். ஏழைகளுக்காகச் செய்யும் வேலையை ஏழை வீட்டுப் பிள்ளைகளால் செய்ய முடியாமல் போகிறது. சில அலுவலகங்கள் உதவித்தொகை தருகின்றன. பல கல்லூரிகளில் சம்பளமில்லாத கோடை இன்டர்ன்ஷிப்புக்கென்றே நிதி உண்டு, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். எஃப்-1 என்ற மாணவர் விசா என்றால் சம்பளம் இல்லைதானே என்று தானாக முடிவெடுத்துச் சேரக் கூடாது. கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் முதலில் கேட்கட்டும். சிபிடி (படிப்போடு சேர்ந்த வேலைப் பயிற்சி) அனுமதி தேவைப்பட்டால், பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடித்திருக்க வேண்டும்.

வாஷிங்டனிலேயே இருப்பதால் கொலம்பியா மாவட்டத்தின் (வாஷிங்டன் நகரம்தான் அது) பப்ளிக் டிஃபெண்டர் சர்வீஸை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். 1960இல் சட்ட உதவி அமைப்பாகத் தொடங்கி, 1970இல் இன்றைய வடிவத்துக்கு வந்தது. இளங்கலை மாணவர்களைப் புலனாய்வுக்கு எடுத்துப் பழக்குவதில் நல்ல பெயர் உள்ள இடம். நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஆர்லியன்ஸ் பப்ளிக் டிஃபெண்டர்ஸிலும் இப்படி வாய்ப்புகள் உண்டு. விண்ணப்பக் கட்டுரையில் துப்பறியும் ஆசையைப் பற்றி எழுத வேண்டாம். முன்பின் தெரியாதவர்களிடம் பொறுமையாகப் பேசிப் பழகியதை எழுதட்டும். கடையில் வேலை பார்த்தது, தன்னார்வலராகக் கணக்கெடுப்புக்குப் போனது, எதுவானாலும் சரி. ஸ்பானிஷ் தெரிந்தால் கட்டாயம் குறிப்பிட வேண்டும். ஓட்டுநர் உரிமம் இருக்கிறதா என்றும் சில இடங்களில் கேட்பார்கள், இல்லையென்றால் கோடைக்குள் எடுத்துவிடட்டும்.