தெரிந்த சொல்தான் காலை வாரும்

“அக்கா, பிரிட்டனுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. எல்.கே.ஜி.யிலிருந்தே இங்கிலீஷ் மீடியம்தான். ஆனால் இவர்கள் பேசும்போது ஒவ்வொரு சொல்லும் தெரிந்ததாக இருக்கிறது, சேர்த்துப் பார்த்தால் அர்த்தம் வேறாக இருக்கிறது. என் ரிப்போர்ட்டை மேனேஜர் ‘குவைட் குட்’ என்றார். பூரித்துப் போனேன். மறுநாள் பாதியைத் திருப்பி எழுதச் சொல்லிவிட்டார். எங்கே தப்பு?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

தம்பி, அவர் பாராட்டவே இல்லை. ‘குவைட்’ என்று அமெரிக்கர் சொன்னால் ‘ரொம்ப’. பிரிட்டிஷ்காரர் ‘குட்’ போன்ற சொல்லுக்கு முன்னால் அதைப் போட்டால் பெரும்பாலும் ‘சுமார், பரவாயில்லை’. இதிலும் ஒரு வம்பு உண்டு. அதே மனிதர் ‘குவைட் இம்பாசிபிள்’ என்றால் ‘சுத்தமாக முடியாது’ என்று பொருள். கூடவோ குறையவோ இருக்கக்கூடிய குணத்தோடு சேர்ந்தால் ‘குவைட்’ அதைக் கொஞ்சம் கீழே இறக்கும். ஒன்று இருக்கும், இல்லாவிட்டால் இல்லை என்கிற மாதிரிச் சொல்லோடு சேர்ந்தால் உச்சிக்கு ஏற்றிவிடும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

பெரிய அடி ‘டவுட்’டால் விழுந்தது. வந்த புதிதில் ஒரு மீட்டிங். மூத்தவர் ஒருவர் அரை மணி நேரம் கணக்கு வழக்கெல்லாம் காட்டி விளக்கினார். எனக்கு ஓர் இடம் புரியவில்லை. வகுப்பில் கையைத் தூக்குகிற பழக்கத்தில், “ஐ ஹாவ் எ டவுட்” என்றேன். அறை அமைதியாகிவிட்டது. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, இதில் எதை நம்ப மாட்டேன் என்கிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். நமக்கு டவுட் என்றால் சந்தேகம், சந்தேகம் என்றால் கேள்வி. இவர்களுக்கு அது அவநம்பிக்கை. ‘கொஸ்டின்’ என்று கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். எனக்கு அவரோடு சகஜமாகப் பேச ஒரு மாதம் ஆயிற்று.

அதே வரிசையில் ‘பாஸ் அவுட்’டையும் வையுங்கள். நமக்குக் கல்லூரி முடிப்பது, இவர்களுக்கு மயங்கி விழுவது. ராணுவப் பயிற்சி முடித்தவர்களுக்கு மட்டும் இங்கேயும் நம் அர்த்தம் செல்லும். பயோடேட்டாவில் அப்படி எழுதியிருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

இது நம் குறை மட்டும் என்று நினைத்துக் குறுகிப்போக வேண்டாம். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் ‘டேபிள்’ என்ற ஒரு சொல்லுக்காக மல்லுக்கு நின்றதைச் சர்ச்சிலே எழுதி வைத்திருக்கிறார். பிரிட்டிஷ் தரப்பு ஒரு குறிப்பை ‘டேபிள்’ செய்யலாம் என்றது, அதாவது உடனே விவாதத்துக்கு எடுக்கலாம் என்று. அமெரிக்கர் காதில் அது ‘கிடப்பில் போடலாம்’ என்று விழுந்தது. இரண்டு பேரும் விரும்பியது ஒன்றேதான் என்று புரிவதற்குள் வாக்குவாதம் நீண்டு கசந்தே போனதாம். தாய்மொழிக்காரர்கள் பாடே அப்படி.

ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்காரர்கள் ‘ரன்’ என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள் பிரித்திருக்கிறார்கள். 1989இல் வந்த பதிப்பில் நீளமான பதிவு ‘செட்’டுக்கு இருந்தது. பார்த்துப் பயந்துவிடாதீர்கள். நம் ‘போடு’ மட்டும் சளைத்ததா? சட்டை போடுகிறோம், ஊசி போடுகிறோம், கணக்குப் போடுகிறோம், சண்டை போடுகிறோம், தாழ்ப்பாள் போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம். ரவுடியைப் போட்டுத்தள்ளியதும் அதே போடுதான். அகராதி பார்த்தா கற்றோம்? பக்கத்துச் சொல் காட்டிக் கொடுத்தது.

அதனால் நோட்டில் தனிச்சொல்லை எழுதாதீர்கள், அது வந்த வாக்கியத்தை முழுசாக எழுதுங்கள். ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிவைப்பது, ‘புட் அப் வித்’ என்றால் சகித்துக்கொள்வது. ‘புட்’டை மட்டும் குறித்து வைத்து என்ன செய்வீர்கள்?

பேச்சில் தவறினால் அசட்டுச் சிரிப்போடு போய்விடும். கடிதம்தான் வயிற்றைக் கலக்கும். சர்ஜரிக்கு வாருங்கள் என்று எனக்கு முதல் கடிதம் வந்தபோது ஆபரேஷன் என்று நினைத்து இரவெல்லாம் தூங்கவில்லை. இங்கே டாக்டரின் கிளினிக்குக்கே சர்ஜரி என்று பெயர். எம்.பி. தொகுதி மக்களைச் சந்தித்துக் குறை கேட்பதும் சர்ஜரிதான், கத்தி கிடையாது! ‘ரிடன்டன்ட்’ என்பதில் உங்களைப் போன்ற கம்ப்யூட்டர்காரர்கள் ஏமாறக்கூடாது. சர்வரில் ரிடன்டன்சி இருந்தால் நல்லது, ஒன்று போனால் இன்னொன்று தாங்கும். எச்.ஆர். கடிதத்தில் அந்தச் சொல் வந்தால் உங்கள் வேலையிடமே எடுபடுகிறது என்று பொருள். அந்த மாதிரிக் கடிதத்தை வரிவரியாகப் படியுங்கள், தெரிந்தவர் ஒருவரிடம் காட்டாமல் பதில் போடாதீர்கள்.

‘சாங்ஷன்’ இன்னொரு வில்லன். அனுமதி என்றும் பொருள், தண்டனையாக விதிக்கும் தடை என்றும் பொருள். ‘ஓவர்சைட்’ என்றால் மேற்பார்வையும் உண்டு, கவனக்குறைவும் உண்டு. இவை வந்தால் ஊகிக்காமல் கேட்டுவிடுவது உத்தமம்.

எப்படிக் கேட்பது என்பதற்கு நான் செய்வது இதுதான். புரிந்ததா என்று அவர் கேட்டால் தலையாட்டுவதில்லை. “அப்படியானால் வெள்ளிக்கிழமைக்குள் இரண்டாம் பகுதியை மட்டும் மாற்றித் தர வேண்டும், சரிதானே?” என்று நான் புரிந்துகொண்டதை அவரிடமே திருப்பிச் சொல்கிறேன். பிறகு அதையே இரண்டு வரி மின்னஞ்சலாகவும் அனுப்பிவிடுவேன். இதற்காக யாரும் என்னைக் குறைவாக நினைத்ததில்லை.

ஒன்று விட்டுப்போயிற்று. திருத்திய ரிப்போர்ட்டைப் பார்த்து உங்கள் மேனேஜர் ‘நாட் பேட் அட் ஆல்’ என்றால் முகம் வாடாதீர்கள். பிரிட்டிஷ்காரர் வாயிலிருந்து வந்தால் அது அவருடைய ‘குவைட் குட்’டைவிட நாலு படி மேல்.