நரம்புச் சோதனை நார்மல், எரிச்சல் மட்டும் நிற்கவில்லை

கேள்வி: அம்மாவுக்கு வயது 58. எட்டு மாதமாக உள்ளங்கால் எரிச்சல். ராத்திரி போர்வை பட்டாலே துடித்துப் போகிறார். வெறும் வயிற்றில் பார்த்த சர்க்கரை, நரம்புக் கடத்தல் சோதனை, முதுகு எம்.ஆர்.ஐ. எல்லாம் நார்மல். பல வருடமாக அசிடிட்டி மாத்திரையும், ஆறு மாதமாக நரம்புச் சத்து மாத்திரையும் சாப்பிடுகிறார். 'மனசுதான் காரணம்' என்கிறார்கள். அடுத்து என்ன செய்வது?

பதில்: மனசின் மேல் பழி போட இன்னும் நேரம் வரவில்லை. நரம்புக் கடத்தல் சோதனை பருத்த நரம்பிழைகளைத்தான் அளக்கும். எரிச்சல், சூடு, குளிர் ஆகியவற்றைக் கடத்தும் மெல்லிய இழைகள் கெட்டிருந்தால் அதில் தெரியாது. போர்வை பட்டு வலிப்பது அந்த மெல்லிய இழைகளைத்தான் சந்தேகிக்க வைக்கிறது. நரம்பியல் மருத்துவரிடம் இதையே நேராகக் கேளுங்கள்.

போகுமுன் ஒரு வேலை. அம்மா கண்ணை மூடியிருக்க, குளிர்ந்த எவர்சில்வர் கரண்டியைக் கால்விரலிலிருந்து மேலே ஒற்றிக்கொண்டே வாருங்கள். குளிர்ச்சி சரியாகத் தெரியத் தொடங்கும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு, தேதியோடு போட்டோ எடுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் செய்யுங்கள். 'அதிகமாகிறது' என்று வாயால் சொல்வதைவிட, கோடு ஏறியிருப்பது மருத்துவருக்கு நன்றாகப் புரியும்.

ரத்தப் பரிசோதனையில், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பது முக்கியம். அது 140 முதல் 199 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. அப்போதே பாத நரம்பு பாதிக்கப்படலாம். அசிடிட்டி மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையலாம். ஆனால் சத்து மாத்திரையில் பி12 இருந்தால் அளவு ஏறி, பழைய குறையை மறைத்துவிடும். அளவு 200–300 பிகோகிராம் என்று இரண்டுங்கெட்டானாக வந்தால் மெத்தில்மலோனிக் அமிலமும் (பி12 குறைந்தால் ரத்தத்தில் ஏறும் பொருள்) பார்க்கச் சொல்லுங்கள். சத்து மாத்திரை அட்டையில் பி6 எவ்வளவு என்றும் படியுங்கள். தினசரித் தேவை 2 மில்லிகிராமுக்கும் குறைவு. 50, 100 என்று மாதக்கணக்கில் போனால் அந்த பி6 சத்தே நரம்பைக் கெடுக்கலாம். எல்லா அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். தைராய்டு, சிறுநீரகம், புரத எலக்ட்ரோபோரெசிஸ் (ரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் சோதனை) ஆகியவையும் வேண்டும். கடைசியாகச் சொன்னதோடு, கெட்ட புரதத்தை இன்னும் நுட்பமாகக் கண்டுபிடிக்கும் இம்யூனோஃபிக்சேஷன் சோதனையும் சேராவிட்டால் சிறிய அளவு கெட்ட புரதம் தப்பிவிடும்.

இதிலும் பிடிபடாவிட்டால் தோல் பயாப்சி. மரத்துப்போக ஊசி போட்டு, வெளிக் கணுக்காலுக்கு 10 செ.மீ. மேலே 3 மி.மீ. துண்டு எடுப்பார்கள். நரம்பிழைகளை எண்ணும் ஆய்வகம்தானா என்று முன்பே கேளுங்கள். சாதாரண சாயத்தில் அவை தெரியாது. காரணம் கிடைக்கும்வரை வலிக்கு மருந்து தராமல் காத்திருக்க வேண்டியதில்லை.

கால் பலவீனம் சில நாட்களில் மேலேறினாலோ, மூச்சோ விழுங்குவதோ சிரமமானாலோ, சிறுநீர் அடைத்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.